பினாங்கு சுவெட்டன்ஹாம் துறை: கப்பலிலிருந்து இறங்கியதும் பேருந்தா, நடையா?

பிப்ரவரி 9: ஒரு வாசகரின் கேள்வி

"சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். பினாங்கில் காலை முதல் மாலை வரை கப்பல் நிற்கும். கப்பலிலேயே கொடிமலை, கெக் லோக் சி கோயில் என்று பேருந்துச் சுற்றுலா விற்கிறார்கள். வாங்கலாமா? துறையைச் சுற்றி வெறும் பழைய கட்டடங்கள்தான், பார்க்க ஒன்றுமில்லை என்று போய் வந்தவர் ஒருவர் சொன்னார்."

பிப்ரவரி 9, இரவு

வாங்க வேண்டாம் தம்பி. ஒன்றுமில்லை என்று சொன்னவர் துறை வாசலிலேயே பேருந்தில் ஏறிப் போயிருப்பார்.

வாசலைத் தாண்டினால் ஒரு வட்டச்சாலை, நடுவில் மணிக்கூண்டு. விக்டோரியா ராணி அறுபது ஆண்டு ஆண்டதற்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் செய் சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. 1902இல் வேலை முடிந்தபோது ராணி இறந்துவிட்டிருந்தார். நிதானமாகப் பார்த்தால் கூண்டு லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும். போர்க்காலத்தில் பக்கத்தில் விழுந்த குண்டுகளால் வந்த சாய்வு அது. சாலையைக் கடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. பினாங்கைப் பிரிட்டிஷ்காரர்களுக்காகப் பிடித்த பிரான்சிஸ் லைட் 1786இல் வந்து இறங்கிய முனை அதுதான்.

அங்கிருந்து பத்து நிமிடம் உள்ளே நடந்தால் லிட்டில் இந்தியா. லெபோ என்றால் இங்கே தெரு. லெபோ குவீனில் 1833இல் கட்டிய ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். லெபோ கிங்கும் லெபோ சூலியாவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா, நம் நாகூர் ஆண்டகையின் பெயரால் இங்கே எழுப்பியது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மூன்றும் தமிழர்கள் கட்டியவை. மூன்றும் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரம். கொடிமலைக்குப் போனால் ரயிலுக்கு வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும்.

பிப்ரவரி 10, காலை

விசா பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் மலேசியாவுக்குள் விசா இல்லாமல் 30 நாள் வரை இருக்கலாம். கிளம்பும் முன் இப்போதைய விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டை விடுவது சிங்கப்பூர்ப் பக்கத்தில்தான். கப்பல் கிளம்பியதும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டும், அதனால் பலமுறை நுழையும் விசா கையில் இருக்கணும்.

பிப்ரவரி 10, மாலை

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: அவருடைய தாத்தாவின் பழைய தாளில் "போர்ட் சுவெட்டன்ஹாம்" என்று இருக்கிறதாம். "அப்படியென்றால் என் தாத்தா இறங்கியது இந்தக் கப்பல் முனையத்தில்தானே?" என்று கேட்கிறார்.

இல்லை ஐயா. போர்ட் சுவெட்டன்ஹாம் இப்போதைய கிள்ளான் துறைமுகம். 1901இல் திறந்தார்கள், 1972இல்தான் பெயர் மாறியது. பினாங்கில் இருப்பது சுவெட்டன்ஹாம் துறை, 1904ஐ ஒட்டிக் கட்டியது. இரண்டுக்குமே பிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற ஆளுநரின் பெயரை வைத்துவிட்டதால் வரும் குழப்பம் இது. உங்கள் தாத்தா ஏறிய கப்பல் அநேகமாக நாகப்பட்டினத்திலிருந்து முதலில் பினாங்கில் நின்று, அப்புறம் கிள்ளானுக்குப் போயிருக்கும். பழைய பாதை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர். ஆகவே அவர் இறங்கியது கிள்ளானாக இருந்தாலும், மலாயாவில் முதலில் கண்ணில் பட்ட கரை இந்தப் பினாங்கு கரையாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர், தாலுகா, கப்பல் பெயர் எல்லாம் அதில் இருந்தால் நகலெடுத்துக் குடும்பத்தில் எல்லோருக்கும் கொடுங்கள்.

பிப்ரவரி 12

நேற்று முழுக்க அந்தத் தாத்தாவின் தாள் மனதிலேயே நின்றது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இப்போது மிதக்கும் ஓட்டல்கள் வந்து நிற்கும் கடலோரம் ஒரு காலத்தில் முழுக்க முழுக்க வேலைக்களம். துறை கட்டும் முன்பு பெரிய கப்பல்கள் கரையைத் தொடாது. நடுநீரில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் தொங்கான் என்ற சரக்குப் படகில் இறங்கிக் கரைக்கு வரும். துறை கட்டிய பிறகும் தொங்கான் வேலை நெடுங்காலம் நடந்தது. அதில் நிறையப் பேர் தமிழர்கள். கடையநல்லூர், தென்காசி பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் பலர் இங்கேயே தங்கினார்கள்.

என் அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணி. மூட்டை ஒவ்வொன்றாக இறங்க இறங்கக் கோடு போட்டு எண்ணுவது அவருடைய வேலை. விடியும் முன் கிளம்பிப் போவார். பள்ளி விடுமுறையில் அம்மா தூக்குச்சட்டியில் சாப்பாடு கொடுத்தனுப்புவார்கள். நான் வெல்ட் கரை வரை கொண்டுபோய்க் கொடுப்பேன். காய்ந்த மிளகாய், கொப்பரை, ரப்பர் ஷீட் எல்லாம் கலந்த ஒரு வாடை அங்கே அடிக்கும். அதே இடத்தில் இன்றைக்கு வாடகை மிதிவண்டி வைத்திருக்கிறார்கள்.

நாசி கண்டார் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று நாடு முழுக்கக் கடை உண்டு. அது பிறந்தது இந்தக் கரையில். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடித் தண்டு போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புச் சட்டிகள் என்று சுமந்து வந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். கனமான வேலை செய்கிறவனுக்குக் காலையிலேயே சோறு வேண்டும். பல குழம்புகளை ஒரே தட்டில் கலந்து ஊற்றும் பழக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. கப்பலில் காலை விருந்து இலவசம் என்று வயிற்றை நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். பாதி வயிற்றோடு வாருங்கள்.

மாரியம்மன் கோயிலும் அப்படி வந்ததுதான். துறைமுகத்தில் வேலை செய்த தமிழர்களும் பக்கத்தில் கடை வைத்திருந்தவர்களும் கும்பிட்ட கோயில். பக்கத்தில் லெபோ பினாங்கில் நகரத்தாரின் கிட்டங்கிகள், அவர்கள் வட்டித் தொழில் நடத்திய இடங்கள். அங்கே இருக்கும் கோயில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்புகிறது. ரதம் போகும் தெரு முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள், சீனர்களும் சேர்ந்து உடைப்பார்கள். உங்கள் பயணம் தைப்பூசத்தை ஒட்டி விழுந்தால் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

லெபோ பந்தாய் என்றால் கடற்கரைத் தெரு. இப்போது அங்கே நின்றால் கடல் தெரியாது, வங்கிகளின் பெரிய பெரிய கல் கட்டடங்கள்தான் தெரியும். முதலில் கடல் அந்தத் தெரு வரைதான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கரையை உண்டாக்கினார்கள். லெபோ பந்தாயிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சின்னத் தெருக்கள் எல்லாம் அப்படித் தூர்த்த நிலத்தின் மேல்தான் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் எது பழைய கரை, எது புதிய கரை என்று கால் வைக்கும்போதே புரியும்.

பிப்ரவரி 12, இரவு

ஒரு கட்டடத்தை விட்டுவிட்டேன். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், உச்சியில் கடிகாரத்தோடு வெள்ளையாக ஒரு பெரிய கட்டடம் நிற்கும். 1907இல் ரயில்வேக்காகக் கட்டியது. இந்தத் தீவின் கரைக்கு ரயில் வந்ததே கிடையாது. இங்கே சீட்டு வாங்கிக்கொண்டு படகில் அக்கரை போய் ரயில் ஏறணும். இன்று அது சுங்கத்துறையின் அலுவலகம்.

பிப்ரவரி 14

"பழைய கட்டடம், பழைய கட்டடம் என்று சொல்கிறீர்கள், அங்கே நடந்த கதை ஏதாவது உண்டா?" என்று ஒரு கல்லூரிப் பிள்ளை கேட்டிருக்கிறார். உண்டு, நம் ஊர்க்கதையோடு ஒட்டின ஒன்று.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட எம்டன் கப்பலைத் தெரியாத தமிழர் இல்லை. அதே எம்டன் அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தன்னுடைய மூன்று புகைபோக்கிகளோடு நாலாவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வந்தது. உள்ளே நங்கூரமிட்டு நின்ற ரஷ்யாவின் ழெம்சுக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதன் தலைவர் அப்போது கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். வெளியேறும் வழியில் எதிரே வந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் மஸ்கேயையும் மூழ்கடித்துவிட்டுப் போனது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் கல்லறை இங்கே வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. சொகுசுக் கப்பலின் மேல்தளத்தில் நின்று நீங்கள் படம் எடுக்கும் இதே நீர்ப்பரப்பில் நடந்தது.

இன்னொன்று. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பினாங்கின் தலைநகரான இந்த ஜார்ஜ் டவுனைக் குண்டு போட்டுத் தகர்த்தபோது, பிரிட்டிஷ்காரர்கள் வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானம் மறுபடி வந்து குண்டு போடாமல் இருக்க யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், இங்கே பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். நகரத்தில் காவல் இல்லை, நிர்வாகம் இல்லை என்ற அந்தச் சில நாட்களில் எல்லா இனத்தாரையும் சேர்த்து ஒரு குழு அமைத்து ஊரைப் பார்த்துக்கொண்டார். கோட்டைக்குள் போனால் பீரங்கியைப் படம் எடுக்கும் கூட்டத்தைத் தாண்டிக் கொடிக்கம்பத்தின் பக்கம் ஒரு நிமிடம் நின்று அவரை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிச் சொல்லிக் கொடுக்காமல் இருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

பிப்ரவரி 15

கோலாலம்பூரிலிருந்து ஒரு அக்கா கோபமாக எழுதியிருக்கிறார். கப்பல் வந்து வந்துதான் ஊரே பொம்மைக் காட்சியாகிவிட்டது, வெனிஸ் மாதிரி பெரிய கப்பல்களைத் தடை செய்யணும் என்கிறார்.

அக்காவின் கோபம் எனக்குப் புரிகிறது. பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

வெனிஸில் 2021 ஆகஸ்டில் தடுத்தது, பழைய நகரத்தின் நடுவே ஓடும் கால்வாய் வழியாகப் பெரிய கப்பல்கள் போவதை. கட்டடங்களின் அடித்தளமே தண்ணீரில் நிற்கும் ஊர் அது. இங்கே கப்பல் வருவது வடக்குக் கால்வாய் என்ற ஆழமான கடல் வழியில். கப்பல் நிற்பதும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கப்பல் நிற்கும் துறையில். ஜார்ஜ் டவுன் பிறந்ததே துறைமுகத்தால்தான். கப்பலே வராத ஜார்ஜ் டவுன் என்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஊரைக் காலி செய்தது வேறு. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதனால்தான் கூலிக்காரர், தட்டார், தையல்காரர், பூக்கட்டுகிறவர் எல்லாரும் நகரத்தின் நடுவில் குறைந்த வாடகையில் இருக்க முடிந்தது. அந்தச் சட்டத்தை நீக்கி, 2000 ஜனவரி 1 முதல் வாடகை உரிமையாளர் சொன்னபடி என்று ஆக்கினார்கள். நாங்கள் இருந்தது லெபோ கிங்கில் ஒரு கடைவீட்டின் மாடி. நான் பிறந்ததும், அப்பா இறந்ததும் அங்கேதான். உரிமையாளர் புது வாடகை கேட்டார், எங்களால் முடியவில்லை, அக்கரைக்குப் போய்விட்டோம். எங்கள் வரிசையில் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சில ஆண்டு பூட்டிக் கிடந்தன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனும் வந்ததும் ஓட்டல்காரர்கள் வாங்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் மாடியில் இப்போது விருந்தினர் தங்குகிறார்கள். ஜன்னலுக்கு நல்ல வண்ணம் அடித்திருக்கிறார்கள், கூரை ஒழுகவில்லை. கட்டடம் பிழைத்துக்கொண்டது. அதில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது. ஆனால் யுனெஸ்கோ அந்த மரியாதையைக் கொடுத்தது சுவருக்காக மட்டும் கிடையாது. இத்தனை இனமும் மதமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த வாழ்க்கைக்காகவும் சேர்த்துத்தான். வாழ்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டால் அப்புறம் எதைக் காப்பாற்றுகிறோம்?

பிப்ரவரி 16

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். மரபுப் பட்டியல் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாகப் போயிருக்கும். பட்டியலில் வந்ததால்தான் அந்தப் பகுதியில் கட்டடம் 18 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. பட்டியலில் வந்த கொஞ்ச நாளிலேயே கடலோரத்தில் உயரமான ஓட்டல்கள் கட்டப் போய்ப் பெரிய சர்ச்சையானது. ஊர்க்காரர்களும் மரபு ஆர்வலர்களும் விடாமல் பேசியிருக்காவிட்டால் கப்பலிலிருந்து பார்க்கும்போது மணிக்கூண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவில் மறைந்து போயிருக்கும்.

பிப்ரவரி 18

"கப்பல் வந்தால் ஊருக்குப் பணம் வருமே" என்று ஒருவர். வரும். யாருக்கு வருகிறது என்று பார்க்கணும்.

முனையத்தைப் பெரிதாக்கினார்கள். சுமார் 400 மீட்டராக இருந்த கப்பலணையும் தளத்தை 688 மீட்டர் வரை நீட்டி, மிகப் பெரிய கப்பல்கள் இரண்டு ஒரே நேரத்தில் நிற்கும்படி செய்தார்கள். துறைமுக நிறுவனமும் ராயல் கரீபியன் கப்பல் நிறுவனமும் சேர்ந்து எடுத்த திட்டம். ஒரு கப்பலிலேயே நாலாயிரம் பேர் வருவார்கள். இரவு தங்குவது கப்பலில், மூன்று வேளை சாப்பாடும் கப்பலில் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று. கரையில் செலவு செய்வது சில மணி நேரம்தான். அதிலும் சுற்றுலாப் பேருந்தில் ஏறினால் காசின் ஒரு பங்கு கப்பல்காரருக்கே திரும்பிப் போகும். பேருந்து மலைக்கும் கோயிலுக்கும் ஒரு பெரிய கடைக்கும் போய்விட்டுத் திரும்பும். துறைக்கு எதிரே நூறு வருடமாகக் கடை வைத்திருக்கிறவர் கப்பலைப் பார்ப்பார், பயணியைப் பார்க்க மாட்டார்.

அதனால்தான் முதல் நாளே நடங்கள் என்று எழுதினேன். கால்நடையாக வருகிறவர் ஒரு தேநீர் குடிப்பார், பூ வாங்குவார், முறுக்கு வாங்குவார், ஒரு ஜோடி கொலுசு விலை கேட்பார். அந்தப் பணம் தெருவிலேயே நிற்கும்.

பிப்ரவரி 18, இரவு

படகுத்துறை வீடுகளுக்குப் போகலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முனையத்திலிருந்து வெல்ட் கரையோரமாகத் தெற்கே போனால் வரும் சீனக் குல வீடுகள். கடலுக்குள் கால் நட்டு, பலகைப் பாதை போட்டு, ஒவ்வொரு குலப்பெயருக்கும் ஒரு துறை. சியூ, டான், லீ, லிம், யோ என்று வரிசையாக இருக்கும். தொங்கான் ஓட்டினவர்கள், சுமை தூக்கினவர்கள் குடும்பங்கள். அப்பாவோடு வேலை செய்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு எங்களுக்கு ஆரஞ்சு வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்கு போகும். 2006இல் இரண்டு துறைகளை இடித்துவிட்டார்கள். மீதி நிற்பதற்கு யுனெஸ்கோ பட்டியலும் ஒரு காரணம்.

போகலாமா என்றால் எனக்கே இரண்டு மனம். பெரியது சியூ துறை. கப்பல் நாளில் அங்கே கூட்டம் தாங்காது. பலகைப் பாதை எல்லோருக்கும் பொது, வீடு அவர்களுடையது. திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டுகிறார்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பாட்டியைப் படம் எடுக்கிறார்கள். என் கண் முன்னால் ஒரு தாத்தா எழுந்து வந்து கதவைச் சாத்தியதைப் பார்த்தேன். வெயில் கொதிக்கும் மதியத்தில், காற்றுக்காகத் திறந்து வைத்த கதவு அது.

போங்கள், ஆனால் கூட்டமாகப் போக வேண்டாம். காலையில் முதல் வேலையாகப் போங்கள். கடைசியில் இருக்கும் சின்னக் கோயிலுக்கு அந்தப் பக்கம் நின்று கடலைப் பாருங்கள். படம் எடுப்பதானால் கடலை எடுங்கள், படகை எடுங்கள்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலியாம், அப்பாவுக்கு வயது 74.

அப்படியானால் நடை என்று நான் அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை உண்டு, நிழல் உண்டு. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தரை ஒவ்வொரு உயரம். படி ஏறி இறங்கணும், நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருப்பார்கள். சக்கர நாற்காலி உருளாது. தெருவில் இறங்கி நடந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும்.

இப்படிச் செய்யுங்கள். முனையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்குக் கைப்பேசியில் வாடகைக் கார் பிடித்துக்கொள்ளுங்கள், சின்ன தூரம்தான். வாசலில் வந்து மொய்க்கும் ஆட்களிடம் பேரம் பேசாதீர்கள், கப்பல் நாளில் வாய்க்கு வந்த விலை சொல்வார்கள். கோயிலையும் தர்காவையும் பார்த்துவிட்டு அம்மாவை ஒரு சாப்பாட்டுக் கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வையுங்கள். நகர்ப்பகுதியைச் சுற்றி வரும் இலவசப் பேருந்தும் இருக்கிறது, வெல்ட் கரை நிலையத்திலிருந்து கொம்தார் என்ற உயரமான கட்டடம் வரை போய் வரும். உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்க வயதானவர்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. அப்பாவுக்குத் தெம்பு இருந்தால் அவரும் நீங்களும் மட்டும் லெபோ பந்தாய் வழியாக நடந்து கோட்டைப் பக்கம் வாருங்கள்.

தண்ணீர்மலை முருகனைப் பார்க்க அம்மா ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். மேல் கோயிலுக்கு 500க்கு மேல் படி, அது முடியாது. அடிவாரத்தில் நகரத்தார் கோயில் இருக்கிறது, அங்கே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். காரில் போய்த் திரும்ப நேரம் தாராளமாகப் போதும்.

பிப்ரவரி 23

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: "இப்போதும் இங்கிருந்து பினாங்குக்குக் கப்பல் உண்டா?"

பயணிகள் கப்பல் இல்லை. ரஜூலா என்ற கப்பல் 1926இலிருந்து 1970களின் தொடக்கம் வரை இந்தப் பாதையில் ஓடியது. ஆயிரக்கணக்கில் டெக் பிரயாணிகளை ஏற்றும். டெக் டிக்கெட் என்றால் படுக்கை கிடையாது, பாயை விரித்த இடம்தான் உங்கள் இடம். என் அம்மா அதில்தான் வந்தார்கள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெண் பிறகு ஆயுளுக்கும் சிநேகிதியாக இருந்தார், எங்களுக்கு அவர் பெரியம்மா. ரஜூலாவுக்குப் பிறகு சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் கடலில் அது தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தப் பாதை முடிந்துபோனது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் படகு தொடங்கியதைப் பார்த்து இங்கேயும் பலருக்கு ஆசை வந்துவிட்டது. அது சில மணி நேரப் பயணம், இது வங்கக் கடலைக் கடந்து பல நாள். விமானம் நாலு மணி நேரத்தில் கொண்டுவந்து விடும்போது சீட்டு விற்று ஓட்டுவது கஷ்டம். ஆனால் சென்னையிலிருந்து இப்போது சொகுசுக் கப்பல்கள் கிளம்பத் தொடங்கியிருக்கின்றன. அதில் ஒன்று நாகப்பட்டினத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று, பழைய பாதையிலேயே பினாங்கு வரை வரட்டும். இந்தச் சொகுசுக் கப்பல்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் வைக்க இடம் கிடைத்தால் இதைத்தான் வைப்பேன். டெக்கில் பாய் விரித்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அறை எடுத்து வர இன்று வசதியாக இருக்கிறார்கள்.

பிப்ரவரி 24

ஜெரஜாக் தீவு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பினாங்குப் பாலத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு பச்சைத் தீவு அது. டெக்கில் வந்தவர்களை நோய்த் தடுப்புக்காக முதலில் அங்கேதான் இறக்கி அடைத்து வைத்தார்கள். குளிக்க வைத்து, துணியை வேக வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே கரைக்கு அனுப்பினார்கள். மேல் வகுப்பில் வந்தவர்கள் நேராகத் துறையில் இறங்கிப் போனார்கள். சிலர் அந்தத் தீவிலேயே இறந்தும் போனார்கள். பின்னாளில் அதைச் சிறைச்சாலை ஆக்கினார்கள். தஞ்சாவூர் ஐயா, உங்கள் தாத்தாவும் இந்தத் தீவைப் பார்த்திருக்கலாம்.

மார்ச் 1

தம்பிக்குக் கடைசியாக நேரக் கணக்கு. கப்பல் கிளம்பும் நேரம் என்று சொல்வது வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதுதான் உங்களுக்குக் கணக்கு. கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் ஒன்றா என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துக்கும் போகும் கப்பல் என்றால் ஒரு மணி நேரம் மாறலாம்.

கோயில் நடை வழக்கமாக நண்பகலில் சாத்திவிடுவார்கள், ஆகவே இறங்கியதும் முதலில் கோயில். வெள்ளிக்கிழமை என்றால் மதியத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் போக முடியாது, அதை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாடு லிட்டில் இந்தியாவில் நல்லபடியாகக் கிடைக்கும், இலையிலேயே போடுவார்கள். ரிங்கிட்டில் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். லெபோ சூலியா, லெபோ பினாங்கு இரண்டிலும் பணம் மாற்றுகிற கடைகள் உண்டு, பல தமிழ் முஸ்லிம்கள் நடத்துபவை, கப்பலில் கொடுப்பதைவிட நல்ல விலை கொடுப்பார்கள். பிற்பகலில் மழை பிடித்தால் ஒரு கடைக்குள் ஒதுங்கி நில்லுங்கள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள்.